பியரின் தண்ணீர்க் கணக்கும் எங்கள் கள்ளுப் போத்தலும்

பிரான்சில் இருக்கும் அக்காவின் மகன் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். "மாமா, கிளிநொச்சிப் பக்கம் சின்னதாய் ஒரு பியர் ஆலை போட்டால் என்ன? சுற்றாடலுக்குக் கெடுதல் இல்லாமல் செய்யேலாதோ?" அவன் இருக்கிற இடத்தில் ஊருக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன பியர் ஆலைகள் இருக்கின்றனவாம். கூரையில் சூரியத் தகடு, சாறு எடுத்த தானியச் சக்கையில் சுட்ட பாண் என்று படங்களும் வந்திருந்தன. என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஊருக்குத் திரும்புவதற்கு முன் நான் தெற்கில் ஒரு பியர் ஆலையின் கழிவுநீர்ப் பகுதியில் வேலை செய்தவன். தொலைபேசியில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். அவனைப் போல யோசிக்கிற வேறு பிள்ளைகளும் இருப்பார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போருக்குப் பிறகு குடியால் குலைந்துபோன வீடுகள் வன்னியில் எத்தனையோ. அந்த வீட்டுப் பெண்களின் முகம் தெரிந்தவன் நான். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் பியரும் கள்ளும் இங்கே நாள்தோறும் விற்கின்றன. அந்தப் பொருள் எவ்வளவு தண்ணீரையும் எரிபொருளையும் எடுத்துக்கொண்டு வருகிறது, கழிவு எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்கிற உரிமை குடிக்காதவர்களுக்கும் உண்டு. அவர்கள் கிணற்றுத் தண்ணீரும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

சரி, தண்ணீரில் இருந்து தொடங்குவோம்.

பியரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஆனால் போத்தலுக்குள் போகிற தண்ணீர் ஆலை எடுக்கிற தண்ணீரில் ஒரு சிறு பங்கு. சாதாரணமாக ஓடுகிற ஒரு பியர் ஆலை ஒரு லீற்றர் பியருக்கு 4 முதல் 7 லீற்றர் தண்ணீர் எடுக்கும். மிகக் கவனமாக நடத்துகிற பெரிய ஆலைகள் 3 லீற்றருக்குக் கிட்ட வந்திருக்கின்றன. சின்ன ஆலை என்றால் கணக்கு கூடத்தான் செய்யும், குறையாது. ஏனென்றால் தண்ணீரைத் தின்பது பியர் இல்லை, கழுவல். தாங்கி கழுவ, குழாய் கழுவ, வடி கழுவ, போத்தல் கழுவ, நிலம் கழுவ. ஒரு தடவை காய்ச்சியதும் எல்லாவற்றையும் கோஸ்டிக் சோடா விட்டு, பிறகு நல்ல தண்ணீர் விட்டு, பிறகு கிருமிநாசினி விட்டு அலசாவிட்டால் அடுத்த தடவை முழுத் தாங்கியும் புளித்துப் போகும். தாங்கி சிறிதானாலும் பெரிதானாலும் இந்த அலசல் ஒன்றுதான்.

அந்தக் கழுவின தண்ணீர் முழுவதும் ஆலையில் எங்கள் கழிவுநீர்ப் பகுதிக்குத்தான் வரும். முதலில் ஒரு சல்லடை. அதில் பார்லி உமி, பியருக்குக் கசப்புத் தருகிற ஹொப் பூவின் துணுக்குகள், மதுவக் (ஈஸ்ட்) கசடு, எல்லாவற்றுக்கும் மேலாகப் போத்தல் லேபல்களின் கூழ் வந்து அடைந்து நிற்கும். சல்லடையை வழித்துக் கொட்டும்போது சூடான கஞ்சியும் புளித்த பாணும் கலந்த ஒரு மணம் எழும்பும். அந்த மணம் உடுப்பில் ஏறினால் இரண்டு தடவை தோய்த்தாலும் போகாது. கோஸ்டிக் சோடாவின் காரத்தைச் சமப்படுத்திவிட்டால் அதில் நஞ்சு என்று பெரிதாக எதுவும் கிடையாது. சீனி, மாப்பொருள், புரதம், மதுசாரம், எல்லாம் சாப்பாட்டுச் சாமான்தான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஒரு குளத்துக்குள் போனால் நுண்ணுயிர்கள் அந்தச் சீனியைத் தின்னத் தொடங்கும். தின்பதற்குத் தண்ணீரில் கரைந்திருக்கிற ஒட்சிசன் முழுவதையும் எடுத்துவிடும். விடியும்போது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

கணக்கு வேண்டுமென்றால் இதோ. தண்ணீரில் இருக்கிற கழிவைச் சிதைக்க எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்ற அளவை இரசாயன ஒட்சிசன் தேவை என்பார்கள். வீட்டுக் கழிவுநீருக்கு அது லீற்றருக்கு ஏறக்குறைய 500 மில்லிகிராம். பியர் ஆலைக் கழிவுநீருக்கு அது 2000 முதல் 6000 வரை. மருமகன் சொல்கிற சின்ன ஆலை ஒரு நாளைக்கு 1000 லீற்றர் பியர் செய்கிறது என்று வைப்போம். 6000 லீற்றர் தண்ணீர் எடுத்து 5000 லீற்றரைக் கழிவாக வெளியே விடும். நடுத்தரக் கணக்கில் லீற்றருக்கு 3000 மில்லிகிராம் என்றால், ஏறத்தாழ 150 பேர் இருக்கிற ஒரு குடியிருப்பின் வீட்டுக் கழிவுநீர் முழுவதற்கும் சமமான சுமை அது. ஒரு சின்ன ஆலை, ஒரு நாள்.

நான் வேலை செய்த இடம் ஈரவலயத்தில் இருந்தது. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு பக்கத்தில். வன்னியில் அப்படியா? இங்கே ஆறு என்று நாங்கள் சொல்கிறவை மாரியில் ஓடி, வைகாசிக்குப் பிறகு மணலாகக் கிடப்பவை. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுவே ஆவணியில் எப்படிக் கிடக்கும் என்று ஊர்க்காரருக்குத் தெரியும். சின்னக் குளங்கள் அடிச் சேறாகிவிடும். கோடையில் கழிவை ஐதாக்க ஒரு சொட்டு ஓடுநீர் கிடையாது. மாரியில் நிலைமை தலைகீழ். 2018 டிசம்பரில் ஒரே இரவில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள் போனதைக் கண்டவர்கள் நாங்கள். கழிவுநீரைக் குட்டை வெட்டித் தேக்கி வைத்திருந்தால் அப்படி ஒரு இரவில் அது முழுவதும் வாய்க்காலுக்கும் வயலுக்கும் கிணற்றுக்கும் போயிருக்கும்.

இதற்கு உலகத்தில் பதில்கள் இல்லாமல் இல்லை. டென்மார்க்கின் ஃபிரெடெரிசியா நகரில் உள்ள கார்ல்ஸ்பேர்க் ஆலை 2021இல் ஒரு தண்ணீர் மீட்பு நிலையத்தைத் திறந்தது. ஆலைக்குள் ஓடுகிற செய்முறைத் தண்ணீரில் 90 சதவீதத்தைச் சுத்திகரித்துத் திரும்பக் கழுவலுக்கே விடுகிறார்கள். ஒரு லீற்றர் பியருக்கு 2.9 லீற்றராக இருந்த செலவை 1.4க்குக் கொண்டுவருவது அதன் இலக்கு. சிங்கப்பூரில் இன்னும் ஒரு படி மேலே போய், சுத்திகரித்த கழிவுநீரிலேயே காய்ச்சிய 'நியூப்ரூ' என்ற பியரைக் கடையில் விற்றார்கள். தொழில்நுட்பத்தால் முடியாதது இல்லை. ஆனால் அதற்கு வடிமென்சவ்வு வேண்டும், இடைவிடாத மின்சாரம் வேண்டும், இரவு பகலாக ஒரு ஆய்வுகூடம் வேண்டும். 1000 லீற்றர் ஆலைக்கு அந்தச் செலவு தாங்காது.

தண்ணீர் இல்லாத இடத்தில் பியர் ஆலை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மெக்சிக்கோ ஒரு பாடம். அமெரிக்க எல்லையோரம் மெக்சிகாலி என்ற வரண்ட நகரத்தில் ஒரு பெரிய நிறுவனம் ஆலையைக் கட்டிக்கொண்டிருந்தது. விவசாயிகள் தண்ணீருக்காகத் தெருவில் இறங்கினார்கள். 2020 மார்ச்சில் மக்களிடம் வாக்குக் கேட்டபோது 76 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், ஆலை பாதியில் நின்றது. எங்களுக்கு இது அந்நியமான கதையாகத் தெரியாது. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோவதா, சிறுபோகத்துக்கு விடுவதா என்று வருடக் கணக்கில் இழுபட்டவர்கள் நாங்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்ட வேண்டி வந்தது, 2024இல்தான் அது திறந்தது. குடிக்கிற தண்ணீருக்கே கடலை வடிக்கிற மாகாணத்தில் ஒரு லீற்றருக்கு ஆறு லீற்றர் கழுவி ஊற்றுவதை என்னால் ஏற்க முடியாது.

ஆலைக்கு வெளியேயும் ஒரு தண்ணீர்க் கணக்கு இருக்கிறது, அது இன்னும் பெரியது. பார்லி விளைவதற்குப் போகிற தண்ணீரையும் சேர்த்தால் 250 மில்லிலீற்றர் பியர் ஒன்றுக்கு உலகச் சராசரி 74 லீற்றர். இலங்கையில் காய்ச்சப்படும் பியருக்கு மோல்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, கப்பலில் வருகிறது. ஹொப்பும் அப்படித்தான். அப்படியானால் எங்கள் அரிசியைப் போட்டால் என்ன என்று மருமகன் கேட்டான். பியருக்கு அரிசி புதிதல்ல, பட்வைசர் போன்றவை அதைக் காலங்காலமாகச் சேர்க்கின்றன. ஆனால் ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியில் ஏறக்குறைய 2500 லீற்றர் தண்ணீர் போகிறது. முழு அரிசியைக் காய்ச்சுவதில் எனக்கு மனமில்லை. ஆலையில் உடைந்து விழுகிற குறுணல் என்றால் யோசிக்கலாம்.

அதைவிட நல்ல வழி இறுங்கும் குரக்கனும். நைஜீரிய அரசு 1988இல் பார்லி மோல்ட் இறக்குமதியைத் தடைசெய்தது. அங்குள்ள ஆலைகள் வேறு வழியில்லாமல் இறுங்குக்கும் சோளனுக்கும் மாறின. இறுங்கு பார்லி மாதிரி இல்லை. மாப்பொருளைச் சீனியாக்குகிற நொதியம் அதில் குறைவு, வடிகட்ட உதவுகிற உமியும் இல்லை. நொதியத்தை வெளியிலிருந்து சேர்த்து, வடிகட்டும் பொறியை மாற்றிச் சமாளித்தார்கள். தடை பிறகு நீங்கியது, இறுங்கு மட்டும் நின்றுவிட்டது. இன்றைக்கும் நைஜீரியாவில் இறுங்கில் பியர் காய்ச்சுகிறார்கள். மழையை மட்டும் நம்பி மேட்டுக்காணியில் விளைகிற தானியம் அது. எங்கள் பாட்டிமார் காலத்தில் வன்னிச் சேனைகளில் இருந்தது, இப்போது தேடினாலும் கிடைப்பது அரிது. பியர் ஆலை வருகிறதோ இல்லையோ, இறுங்கு திரும்பி வர வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை.

வெப்பத்துக்கு வருவோம். தானியத்தைச் சுடுநீரில் ஊறவைத்து எடுத்த இனிப்புச் சாற்றை ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கொதிக்கவைக்க வேண்டும். ஆலையின் எரிபொருளில் பெரும் பங்கு அந்தக் கொதியிலேதான் போகிறது. பழைய முறையில் சாற்றில் 8 முதல் 12 சதவீதம் வரை ஆவியாக மேலே போகும். நல்ல ஆலைகள் இப்போது அதைப் பாதியாகக் குறைத்துவிட்டன. அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைத்து அடுத்த தடவைக்குத் தண்ணீர் சூடாக்குகிறார்கள். கொதித்த சாற்றைக் குளிரவைக்கும்போதும் அப்படித்தான். தட்டுத் தட்டாக அடுக்கிய ஒரு பொறிக்குள் ஒரு பக்கம் சாறும் மறுபக்கம் பச்சைத் தண்ணீரும் ஓடும். சாறு குளிர்ந்து வெளியே வரும்போது தண்ணீர் 75, 80 பாகை சூட்டில் வரும். அடுத்த நாள் தானியம் ஊறவைக்க அந்தத் தண்ணீர் போதும். சின்ன ஆலை போடுகிறவர்கள் முதல் நாளே வாங்க வேண்டியது இந்தப் பொறி. சூரியத் தகடு படத்துக்கு அழகு, இது அடுப்புக்கு மிச்சம்.

ஒஸ்ரியாவில் கோஸ் என்ற இடத்து ஆலை அருகிலுள்ள மரம் அரியும் ஆலையின் கழிவு வெப்பத்தையும், தன் சக்கையிலிருந்து எடுக்கும் உயிர்வாயுவையும், வெயிலையும் வைத்துக் காய்ச்சுகிறது. 2016 அளவில் காபன் சமநிலைக்கு வந்துவிட்டதாக அறிவித்தார்கள். வன்னியில் மரம் அரியும் ஆலை வேண்டாம், காடு போதுமான அளவு போய்விட்டது. எங்களிடம் இருப்பது அரிசி ஆலை. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. நான் போட்டுப் பார்த்த கணக்கில் 1000 லீற்றர் பியருக்குத் தேவையான வெப்பம் ஒரு தொன் நெல் குற்றுகிற உமியில் வந்துவிடும். பரந்தனிலோ வவுனியாவிலோ ஒரு அரிசி ஆலையின் மதிலோரமாக ஆலையை வைத்தால் எரிபொருள் காலடியில் இருக்கும். கழிவுநீரைக் காற்றில்லாத் தொட்டியில் புளிக்கவிட்டு எடுக்கும் மெதேனைப் பற்றி நிறையப் பேர் பெரிதாகப் பேசுகிறார்கள். செய்ய வேண்டிய வேலை அது, கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் அது கழிவைச் சுத்தமாக்கத்தான். நான் மேலே சொன்ன 5000 லீற்றரில் வருகிற வாயு ஆலையின் வெப்பத் தேவையில் பத்தில் ஒரு பங்கைத்தான் தரும்.

சக்கையைப் பற்றி எழுதாமல் விட முடியாது. 100 லீற்றர் பியருக்கு ஏறக்குறைய 20 கிலோ ஈரச் சக்கை விழும். காலை வேளையில் அதைத் தாங்கியிலிருந்து தள்ளும்போது ஆவி பறக்கும். மாட்டுக்காரர்களின் லொறிகள் வாசலில் விடியமுன்னரே வந்து வரிசையில் நிற்கும். காய்ந்த எடையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கிற தீனி அது. வன்னியில் ஆடி ஆவணியில் மாடுகளைப் பார்த்தவர்களுக்கு அதன் பெறுமதி விளங்கும். புல் கருகி, விலா எலும்பு தெரிய, தெருவோரம் பிளாஸ்ரிக் பையை மென்றுகொண்டு நிற்கிற மாடுகள். பாலும் அந்த மாதங்களில் இறங்கிவிடும். ஆனால் சக்கையில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். எங்கள் வெக்கையில் இரண்டாம் நாளே புளிக்கும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்குப் போட்டால் மாட்டைத்தான் இழக்க வேண்டும். காற்றுப் புகாத பீப்பாவில் அமுக்கி நிரப்பி, நறுக்கிய வைக்கோலையும் கலந்து மூடிவைத்தால் வாரக் கணக்கில் தாங்கும். பெரும்போக வைக்கோலை வயலிலேயே எரிக்கிற பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. அந்த வைக்கோலுக்கும் இது ஒரு வழி. பியர் ஆலையில் மனசுக்குப் பிடித்தது எதுவென்று கேட்டால் நான் இந்தச் சக்கை லொறியைத்தான் சொல்வேன்.

அப்புறம் போத்தல். சுற்றாடலுக்கு நல்ல பியர் என்று பேசுகிறவர்கள் ஆலைக்குள்ளேயே நிற்கிறார்கள். பெரும் கேடு ஆலைக்கு வெளியே நடக்கிறது. அமெரிக்காவில் நியூ பெல்ஜியம் என்ற ஆலை 2008இல் தன் பியரை வயலிலிருந்து குப்பைத்தொட்டி வரை கணக்குப் பார்க்கச் சொன்னது. ஆறு போத்தல் அடங்கிய ஒரு பொதிக்கு 3.2 கிலோ அளவில் காபனீரொட்சைட்டு. அதில் காய்ச்சும் வேலை சிறு பங்குதான். முதலிடத்தில் வந்தது கடை ஃபிரிட்ஜின் மின்சாரம். அடுத்தது போத்தல் கண்ணாடியை உருக்கும் சூளை. கொழும்புப் பக்கத்திலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வந்து, கிளிநொச்சிக் கடை ஃபிரிட்ஜுக்குள் நாள்கணக்கில் குளிர்கிற 625 மில்லிலீற்றர் போத்தலை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

ஜேர்மனியில் பியர் போத்தலுக்கு 8 யூரோ சதம் பிணைக்காசு. கொண்டுவந்து கொடுத்தால் காசு திரும்பும். ஒரு கண்ணாடிப் போத்தல் 50 தடவை வரை கழுவி நிரப்பப்படும். எங்கள் ஊரிலும் வெறும் போத்தலுக்கு விலை உண்டு, சைக்கிளில் சேர்த்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். ஆனால் குளக்கட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் உடைந்து கிடக்கிற கண்ணாடிக்குக் குறைவில்லை. வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்களின் ஊர் இது. நாற்று நடும்போது பாதம் கிழிந்து வந்தவர்களை எனக்குத் தெரியும். போத்தல் கழுவுவதற்கு 80 பாகைச் சுடுநீரும் 2 சதவீதக் கோஸ்டிக் சோடாவும் வேண்டும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை உப்பிலிருந்து கோஸ்டிக் சோடா எடுத்த காலத்தை நினைக்கிறேன். அது ஓடியிருந்தால் அதற்காகவும் தெற்கைப் பார்த்திருக்க வேண்டாம்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் என் கண் பனையில் போய் நின்றது.

பியர்க்காரர் படாத பாடு பட்டுக் குறைக்க முயல்கிற ஒவ்வொன்றும் கள்ளில் ஏற்கெனவே இல்லை. பார்லி இல்லை, அதற்கு நீர்ப்பாசனம் இல்லை. முளைகட்டி உலர்த்துகிற சூளை இல்லை. ஒரு மணி நேரக் கொதி இல்லை. மழை முடிந்து கோடை ஏறும்போது, வயல் காய்ந்து கிடக்கிற நிலத்தில், நூறு அடி வரை போகிற உயரத்திலிருந்து மரம் சீனிச்சாற்றைத் தருகிறது. பூநகரிப் பக்கம் சீவல் தொழில் செய்கிற ஒரு அண்ணை இருக்கிறார். பாளையின் நுனியை அவர் சீவுகிற சீவலைப் பார்க்க வேண்டும். கடதாசித் தடிப்புத்தான் இருக்கும். கூடச் சீவினால் பாளை கெதியாய் முடிந்துவிடும், குறையச் சீவினால் வாய் அடைத்துச் சாறு நின்றுவிடும். காலையும் மாலையும் ஏறி இறங்கும் ஒருவரின் கை மட்டுமே அறிந்த அளவு. முட்டியை இறக்கிப் பன்னாடையில் வடிக்கிறபோது நான் கேட்டேன், மதுவம் எங்கிருந்து வருகிறது என்று. "தம்பி, முட்டியைத் தேய்ச்சுக் கழுவிப்போட்டால் கள்ளு சுணங்கும்" என்றார். நேற்றைய முட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற கசடுதான் இன்றைய விதை. சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அதே சாறு புளிக்காமல் கருப்பநீராக இறங்கும். மதுவ ஆய்வுகூடம், கிருமிநாசினி, குளிரூட்டி எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை ஒரு மண்முட்டியில் முடிகிறது.

ஆனால் கள்ளுக்குக் குறை இல்லை என்று சொன்னால் அது பொய். காலையில் இறக்கியது மாலைக்குள் விற்காவிட்டால் புளித்துப்போகும். பருவத்தில் கள்ளுத் தவறணையில் மிஞ்சியதை ஊற்றுகிறார்கள். அந்தச் சீனியும் மதுசாரமும் மண்ணுக்குள்தான் போகிறது. வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் சோடா வந்த பிளாஸ்ரிக் போத்தலில் நிரப்புகிறார்கள், அடுத்த நாள் அது வேலியோரம். போத்தலில் அடைத்துச் சூடாக்கி விற்கும்போது, அடுப்பு விறகு என்றால் காட்டில் கைவைக்கிறோம். போத்தல் புதுக்கண்ணாடி என்றால் பியர் செய்கிற அதே தவறைத்தான் நாங்களும் செய்கிறோம்.

பியர் ஆலையில் நான் படித்தது இங்கேதான் பயன்படும். போத்தல் கள்ளு கெடாமல் இருக்க அதைக் கொதிக்கவைக்கத் தேவையில்லை. 60 முதல் 65 பாகைச் சூட்டில் இருபது, முப்பது நிமிடம் போத்தலைச் சுடுநீர்த் தொட்டியில் வைத்தால் போதும், பாச்சராக்கம் என்பது அவ்வளவுதான். மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும், திடீரென்று இறக்கினால் கண்ணாடி வெடிக்கும். நுரைத்துக்கொண்டிருக்கிற கள்ளை அப்படியே அடைத்தாலும் வாயு முட்டி வெடிக்கும். 65 பாகை என்பது கூரையில் வைக்கிற சாதாரணச் சூரியச் சுடுநீர்த் தகடு தருகிற சூடு. பியர்ச் சாற்றை அதனால் கொதிக்கவைக்க முடியாது, கள்ளுப் போத்தலைச் சூடாக்க முடியும். கள்ளுக் காலமும் வெயில் காலமும் ஒன்றே. மழைக்கு மரம் தராது, மழைக்குத் தகடும் வேலை செய்யாது.

1000 லீற்றர் கள்ளை 30 பாகையிலிருந்து 63 பாகைக்கு ஏற்ற, போத்தல் கண்ணாடியையும் சேர்த்து, 160 மெகாஜூல் அளவில் போதும். 20 சதுர மீற்றர் தகடு நல்ல வெயில் நாளில் அதைத் தந்துவிடும். போத்தல் கழுவும் சுடுநீரையும் சேர்த்தால் இரண்டு மடங்கு என்று வையுங்கள். ஒரு சின்னக் கொட்டகையின் கூரை. அதே அளவு பியருக்கு, அந்த 160 மெகாஜூலோடு ஒப்பிட்டால், ஒன்பது மடங்கு அளவில் வெப்பம் வேண்டும். தண்ணீரோ போத்தலும் நிலமும் கழுவுவதற்குத்தான். கடைசி அலசலுக்கு விட்ட நல்ல தண்ணீரை அடுத்த தொகுதியின் முதல் அலசலுக்குத் திருப்பினால் லீற்றருக்கு ஒன்றரை, இரண்டு லீற்றருக்குள் நிறுத்தலாம். பெரும் பணம் கொட்டிக் கார்ல்ஸ்பேர்க் இலக்கு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நாங்கள் ஒரு வாளியும் குழாயுமாக நிற்கலாம்.

லேபல் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருப்பேன். பிளாஸ்ரிக் ஒட்டி வேண்டாம், அது சுடுநீரில் கழராது. கடதாசியும் வேண்டாம், சல்லடையில் அதன் கூழை வழித்த கை இது. மூடியில் திகதியை அச்சடித்தால் போதும். மிஞ்சுகிற கள்ளை ஊற்றாமல் வினாகிரிக்கு விட வேண்டும். அடிக்கசடு மதுவம், புரதம் நிறைந்தது, தவிட்டோடு கலந்து மாட்டுக்கு வைக்கலாம்.

இதில் எந்தப் பொறியாலும் தீராத ஒன்று இருக்கிறது. ஏறுகிறவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். விழுந்தால் முதுகு போகும், போனால் குடும்பம் போகும். அதைவிடக் கொடுமை, இந்தத் தொழிலுக்கு எங்கள் சமூகம் சாதி முத்திரை குத்தி, செய்தவர்களைக் கீழே வைத்தது. அந்த அவமானத்தைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க அவர்கள் விரும்பவில்லை, அதில் முழு நியாயம் இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரன் பியர் காய்ச்சினால் கலைஞன், எங்கள் அண்ணை பாளை சீவினால் வேறு பெயர் என்கிற நிலை மாறாமல் சுற்றாடலைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. லீற்றர் விலையில் கூடிய பங்கு ஏறுகிறவருக்குப் போக வேண்டும். ஒவ்வொரு போத்தலிலும் ஒரு சிறு தொகை விபத்துக் காப்புறுதிக்கு ஒதுக்க வேண்டும். மரமும் வேண்டும். பங்கருக்குத் தறித்த பனைகள் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. இன்று ஊன்றுகிற விதை சீவுகிற பருவத்துக்கு வரப் பன்னிரண்டு, பதினைந்து வருடமாவது போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊன்றுகிறார்கள், ஆனால் வடலியை மாட்டிடமிருந்தும் நெருப்பிடமிருந்தும் காப்பாற்றத்தான் ஆள் இல்லை.

ஆகவே மருமகனுக்கு என் பதில்: பியர் ஆலை வேண்டாம் தம்பி. கட்டாயம் காய்ச்சத்தான் வேண்டுமென்றால் அரிசி ஆலைப் பக்கத்தில், இறுங்கில், உமியில், கழிவுத்தொட்டியை வெள்ள மட்டத்துக்கு மேலே கட்டிவிட்டுக் காய்ச்சு. ஆனால் அந்தக் காசைக் கள்ளுப் போத்தலில் போடு. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களிடம் தவறணைகள் இருக்கின்றன, சீவுகிறவர்கள் அங்கத்தவர்களாக இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து செய். நீ கொண்டுவர வேண்டியது பணத்தோடு ஒரு நல்ல வெப்பமானி, கை இயக்கும் மூடி போடும் பொறி, பழைய போத்தல் கழுவும் பொறி ஒன்று. பால் பண்ணைகள் கைவிட்டது கிடைத்தாலும் போதும். ஒரே அளவு, ஒரே வடிவப் போத்தல். முதல் வருடம் கிளிநொச்சி மாவட்டத்தை விட்டு வெளியே ஒரு போத்தலும் போகக் கூடாது, போனால் திரும்பாது.

பளைப் பக்கம் தென்னங்கள்ளும் இருக்கிறதே, அதற்கும் இது பொருந்துமா என்று அவன் அடுத்ததாகக் கேட்பான். பொருந்தும். தென்னை வருடம் முழுக்கத் தருவதால் மாரியில் தகட்டுக்குத் துணையாக ஓர் உமி அடுப்பு வேண்டும், வேறு மாற்றமில்லை. பிணைக்காசு எவ்வளவு வைப்பது என்பதில்தான் எனக்கும் அண்ணைக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. அவர் குறைவாக வை, இல்லாவிட்டால் சனம் வாங்காது என்கிறார். நான் போத்தலின் அடக்க விலையையே வைக்கச் சொல்கிறேன். குடித்தவர் எறிந்தாலும் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை எடுத்துக்கொண்டு வந்து தவறணைக்குக் கொடுக்கிற அளவுக்கு அதில் காசு இருக்க வேண்டும். ஆனால் பிள்ளைகள் தவறணை வாசலுக்கு வருவதே சரியில்லை என்று அண்ணையின் மனைவி சொன்னார். அது நியாயம். போத்தல் திருப்பி வாங்குவதைப் பலநோக்குக் கூட்டுறவுக் கடையில் வைக்கலாம் என்று இப்போது யோசிக்கிறோம்.